தொடுவதற்கு முன்னால் எழுதச் சொல்லுங்கள்

பாடம் நடத்த உதவும் இலவச இணையக் கருவிகள் என்று நீளமான பட்டியல் ஒன்று ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு தடவை வரும், ஏதாவது பயிற்சி வகுப்பு முடிந்ததும் இன்னொரு தடவை வரும். நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய பட்டியலைப் பார்த்து மலைத்துப்போய், ஒன்றையும் திறக்காமல் விட்டுவிடுகிற ஆசிரியர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். நான் சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் விடாமல் பயன்படுத்துவது நான்கே நான்குதான்: ஃபெட், பிளிக்கர்ஸ், ஜியோஜீப்ரா, ஸ்டெல்லாரியம். அவற்றை வைத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைச் சக ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. புரொஜெக்டர் ஒன்று, என் மடிக்கணினி ஒன்று, என் போன் ஒன்று. ஹைடெக் லேப் உண்டு, ஆனால் எல்லா வகுப்பும் முறை வைத்துத்தான் போக வேண்டும். நெட் இருக்கும், திடீரென்று இருக்காது. பிள்ளைகளில் பலருடைய அம்மாமார் பீடி சுற்றுகிறவர்கள். வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் திரும்பி வரும். அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் மூன்று விஷயம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். நெட் போனாலும் ஓட வேண்டும். பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்காமல் பயன்படுத்த முடிய வேண்டும். பிள்ளையின் கையில் போன் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கக் கூடாது. இந்த மூன்றில் சலித்தாலே அந்த நீளப் பட்டியல் உள்ளங்கை அளவாகிவிடும்.

2018-இலிருந்து வந்த புதிய பாடநூல்களைப் புரட்டினால் பல பாடங்களின் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பெட்டி இருக்கும். பக்கத்திலேயே கியூ.ஆர். கோடும் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பாலும் வருகிற இரண்டு பெயர்கள் ஃபெட், ஜியோஜீப்ரா. பரீட்சைக்கு வராது என்று பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் பெட்டியைத்தான்.

ஃபெட் என்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் நகரில், 2002-இல் கார்ல் வீமன் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம்தான் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டிருந்தார். மின்சுற்று, ஒளி, அழுத்தம், அணு, பின்னம் என்று பாடத்துக்குப் பாடம் திரையில் கட்டிப் பார்க்கக்கூடிய மாதிரிகள் அதில் இருக்கின்றன. பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய உபகாரம், ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனிக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம் என்பது. சில எம்.பி. அளவுதான். அதன் பிறகு நெட்டே வேண்டாம், பிரவுசர் இருந்தால் போதும்.

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் எடுக்கும்போது இந்தக் கேள்வியோடுதான் தொடங்குவேன். ஒரு பேட்டரி, ஒரே மாதிரி இரண்டு பல்புகள், ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரிணைப்பில். எந்தப் பல்பு பளிச்சென்று எரியும்? கேள்வியைப் பலகையில் படமாகப் போட்டுவிட்டு, மடிக்கணினியை மூடியே வைத்திருப்பேன். எல்லாரும் நோட்டில் தங்கள் பதிலை எழுத வேண்டும், ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் திரை.

என் அனுபவத்தில் இந்தக் கருவிகளின் பயன் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. எழுதாத பிள்ளை திரையில் எது நடந்தாலும் “ஆமா, அப்படித்தான் நெனச்சேன்” என்று தலையாட்டிவிடும். எழுதிய பிள்ளைக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. தன் கையெழுத்தும் திரையும் வேறு வேறு சொல்லும்போது அது நிமிர்ந்து உட்காருகிறது. நான் நடத்துவதை அது காது கொடுத்துக் கேட்பது அப்போதுதான்.

இந்தக் கேள்விக்கு வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே பதில் வரும், முதல் பல்பு. ஒரு பையன் சொன்ன காரணம் எனக்கு இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. “கன்னடியன் கால்வாய்ல மொத மடைக்காரன் எடுத்தது போக மிச்சம்தான டீச்சர் கடைமடைக்கு வரும்? அதே மாதிரி மொத பல்பு எடுத்தது போக மிச்சம்தான் ரெண்டாவதுக்கு.” அவனுடைய வீட்டு வயல் அந்தக் கால்வாயின் கீழ்ப் பகுதியில் இருக்கிறது. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வந்து சேருவதற்கு அவர்கள் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவன். அவன் யோசனையில் ஒரு குறையும் இல்லை, கால்வாயைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. இப்படி ஒரு பதிலை “தப்பு, உட்காரு” என்று சொல்லிக் கடந்துபோவது பெரிய அநியாயம்.

திரையைத் திறந்து அவனையே கட்டச் சொன்னேன். ஃபெட்டின் மின்சுற்றுப் பெட்டியில் பேட்டரியை இழுத்துப் போட்டு, கம்பியை நீட்டி, பல்பை மாட்ட வேண்டியதுதான். எலக்ட்ரான்கள் சின்ன நீலப் புள்ளிகளாக ஓடும். முதலில் ஒரு பல்பு மட்டும். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு, அம்மீட்டர் காட்டுவது 0.90 ஆம்பியர். அப்புறம் இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தான். இரண்டும் மங்கின, இரண்டும் ஒரே அளவு மங்கின. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தான், 0.45. இரண்டுக்கும் நடுவில், 0.45. கடைசியில் பேட்டரிக்குத் திரும்புகிற கம்பியில் வைத்துப் பார்த்தான். அங்கேயும் 0.45.

வகுப்பு சத்தமே இல்லாமல் இருந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தன், “ஏல, அப்ப ஒண்ணுமே கொறயலயால?” என்றான்.

அந்த இடத்தில்தான் கால்வாய்க்கும் சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசினோம். மடையில் திறந்த தண்ணீர் வயலுக்குள் போய்விடுகிறது, திரும்பக் கால்வாய்க்கு வருவதில்லை. சுற்றில் ஓடுகிற மின்னூட்டம் ஒரு துளியும் வெளியே போவதில்லை, சுற்றி வந்து பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை. சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் கேட்டாள், “கரண்ட் கொறயலன்னா பேட்டரி ஏன் டீச்சர் தீருது?” பாடநூலில் மின்னாற்றல் பகுதிக்கு வர இன்னும் சில பக்கங்கள் இருந்தன. அவளுடைய கேள்வியால் அன்றே அங்கே போய்விட்டோம். பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள்கள்தான் அந்த ஆற்றலைக் கொடுக்கின்றன, அந்த வேதிவினை ஓய்ந்துபோவதைத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிறோம் என்று அவள் வாயாலேயே வரும்வரை பேசினோம்.

திரையோடு நிறுத்திவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். டவுனில் எலக்ட்ரிக் கடையில் வாங்கிய டார்ச் பல்புகளும் ஹோல்டர்களும் ஒரு டப்பாவில் இருக்கின்றன. மறுநாள் அதே சுற்றை மேசையில் கட்டினோம். நிஜப் பல்புகள் திரைப் பல்புகளைப் போல அச்சில் வார்த்தவை அல்ல, ஒன்று கொஞ்சம் கூடுதலாக எரியும். எங்கள் சுற்றில் கூடுதலாக எரிந்தது முதலில் இருந்த பல்பு. கால்வாய்க்காரப் பையன் துள்ளி எழுந்தான், “பாத்தியளா டீச்சர், மொத பல்புதான் பளிச்சுன்னு எரியுது!” எனக்கு அது மிகவும் பிடித்த கணம். இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடு என்று மட்டும் சொன்னேன். மாற்றினான். இப்போது இரண்டாவது இடத்தில் இருந்த பல்பு கூடுதலாக எரிந்தது. வெளிச்சம் இடத்தோடு நிற்கவில்லை, பல்போடு போய்விட்டது. ஐயம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை அந்த இரண்டு நிமிடம் அவனுக்குக் கொடுத்தது. திரையை மட்டும் பார்த்திருந்தால் அது கிடைத்திருக்காது, டப்பாவை மட்டும் திறந்திருந்தால் அவன் தன் பழைய எண்ணத்தோடேயே வீட்டுக்குப் போயிருப்பான்.

நீலப் புள்ளிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நிஜக் கம்பியில் எலக்ட்ரான் அவ்வளவு பெரிதும் இல்லை, நீலமும் இல்லை, அப்படி வேகமாகவும் ஓடுவதில்லை. சாதாரணக் கம்பியில் அவை நகரும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுக்க ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவது. சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் திரையில் பார்த்ததையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். இது வகுப்பில் யாராவது ஒருவருக்குத் தானாகவே தெரிந்துவிடும், அப்புறம் எல்லாருக்கும் அதைச் செய்து பார்க்க வேண்டும். நான் தடுப்பதில்லை. செய்யட்டும். எல்லாரும் ஆசை தீரக் கொளுத்தி முடித்த பிறகு, வீட்டில் இப்படி ஆகாமல் எது காப்பாற்றுகிறது என்று கேட்பேன். ஃபியூஸ் பாடத்துக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம். எங்கள் பிள்ளைகளுக்கு அணை என்பது படத்தில் பார்க்கிற பொருள் இல்லை. பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் வருவதை வீட்டில் பெரியவர்கள் உரக்கப் படிப்பதைக் கேட்டு வளர்கிறவர்கள். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியும். இரண்டிலும் கொள்கிற தண்ணீர் ஏறத்தாழ ஒரே அளவு, ஐந்தரை டி.எம்.சி. பக்கம். மணிமுத்தாற்றுக் கரை மிக நீளமானது, பார்க்கிற கண்ணுக்குக் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். கேள்வி இதுதான். இரண்டும் நிரம்பி இருக்கும்போது எந்த அணையின் அடிமட்டத்தில் அழுத்தம் அதிகம்?

நோட்டில் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் மணிமுத்தாறு என்று எழுதினார்கள். “எம்புட்டுத் தண்ணி டீச்சர், அம்புட்டும் சேந்து அமுக்கும்லா?” சிலர், தண்ணீர் ஒரே அளவு என்பதால் அழுத்தமும் ஒன்றுதான் என்றார்கள். பாபநாசம் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. அவர்களும் காரணம் எழுதும் இடத்தில் ‘மலைக்குள்ள இருக்கு’ என்று எழுதியிருந்தார்கள்.

ஃபெட்டில் திரவ அழுத்தத்துக்கு ஒரு மாதிரி உண்டு. வெவ்வேறு வடிவத் தொட்டிகள், குழாயைத் திறந்து நிரப்பலாம், அழுத்தமானியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். வளிமண்டலத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரின் அழுத்தத்தை மட்டும் பார்க்கலாம். மூன்று மீட்டர் ஆழத்தில் 29.4 கிலோபாஸ்கல். அகலமான தொட்டியிலும் அதுதான், கீழே குறுகி மேலே விரிந்த தொட்டியிலும் அதுதான். ஒரு பெண் அழுத்தமானியை ஒரே ஆழத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். எண் அசையவில்லை. திரும்பவும் இழுத்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் கணக்குக்கு வந்தோம். ஓர் அடி 0.3048 மீட்டர். பாபநாசத்தில் 143 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 43.6 மீட்டர். ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் சுமார் நாலேகால் லட்சம் பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். மணிமுத்தாற்றில் 118 அடிக்கு சுமார் மூன்றரை லட்சம். தண்ணீர் எவ்வளவு தூரம் பின்னால் விரிந்து கிடக்கிறது என்பதற்கு இதில் இடமே இல்லை, ஆழம் மட்டும்தான். அணைச் சுவர் ஏன் அடியில் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் பேப்பரைப் பார்த்து அன்றன்றைய மட்டத்துக்கு அழுத்தம் கண்டுபிடித்துப் பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டார்கள். நான் வீட்டுப்பாடமாகக் கொடுக்காதது அது.

அடுத்தது பிளிக்கர்ஸ். மற்ற மூன்றையும் கைவிடச் சொன்னாலும் இதை நான் விடமாட்டேன். எல்லா வகுப்பிலும் கை தூக்குகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர்தான். அவர்கள் சொல்வதை வைத்து வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று நாம் அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். மற்றவர்கள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை. பிளிக்கர்ஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களாக ஒரு வடிவம், ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு. அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. தன் பதில் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும், என் போன் கேமரா வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்து எல்லார் பதிலையும் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம், கணக்கு வேண்டாம். எழுத்துகள் பொடியாக அச்சாகியிருப்பதால் பக்கத்தில் இருப்பவன் என்ன பதில் காட்டுகிறான் என்றும் எளிதில் தெரியாது. பெயருக்குப் பதிலாக வரிசை எண்களை மட்டும் நான் பதிந்து வைத்திருக்கிறேன். இலவசக் கணக்கில் கேள்விகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு வகுப்பில் நான் கேட்பதே இரண்டு மூன்று கேள்விதான் என்பதால் அது எனக்குத் தடையாக இல்லை. இதற்கு மட்டும் போனில் நெட் வேண்டும், ஆனால் ஒரு போனின் டேட்டா போதும்.

அட்டைகளைப் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். லேமினேட் செய்து தரட்டுமா என்று கேட்டார்கள். பளபளப்பான லேமினேஷனில் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவால் படிக்க முடியாது என்பதால் வேண்டாம் என்றுவிட்டு, பழைய தினசரி காலண்டர் அட்டைகளை வெட்டி அதன் மேல் ஒட்டினோம். ஒட்டியது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். இதுவரை நன்றாக உழைக்கின்றன.

அட்டை வந்த பிறகு எனக்குத் தெரியவந்த முதல் விஷயம், கடைசி வரிசையில் எப்போதும் குனிந்தே இருக்கும் ஒரு பெண்ணுக்கு அறிவியலில் அநேகமாக எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் தெரிகிறது என்பது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பரீட்சையில் எழுத்து வேகம் இல்லாததால் மதிப்பெண்ணும் வராது. அவளை எல்லார் முன்னாலும் எழுப்பிப் பாராட்டவில்லை, அது அவளுக்குத் தண்டனை ஆகிவிடும். அவள் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அவளிடம் கேட்டுப் புரிந்துகொள்ளச் சொன்னேன். இப்போது அந்த மூலையிலிருந்து அவள் குரல் எனக்குக் கேட்கிறது.

பதில்கள் வந்ததும் சரியானது எது என்று உடனே சொல்லிவிடாமல் இருப்பது முக்கியம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990-களில் பரப்பிய முறை இது. முதலில் தனியாகப் பதில், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், பிறகு மறுபடியும் பதில். திரையில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டுவேன், சரியான விடையை மறைத்து வைத்திருப்பேன். மாற்றிச் சொல்கிறவனை உன் கட்சிக்கு இழு என்பேன். இரண்டு மூன்று நிமிடம் வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. இரண்டாம் முறை அட்டையைத் தூக்கும்போது பெரும்பாலும் சரியான பக்கம் கூடியிருக்கும். கூடவில்லை என்றால் நான் நடத்தியது போதவில்லை, இன்னொரு வழியில் நடத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வேன்.

ஜியோஜீப்ராவை எங்கள் கணக்கு சார் பயன்படுத்துகிறார். மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது 2001-இல் தொடங்கியது அது. ஒரு முக்கோணம் வரைந்து சுற்றுவட்ட மையத்தைக் குறித்துவிட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், கோணம் விரிகோணமாகும்போது மையம் முக்கோணத்தை விட்டு வெளியே போகும். செங்கோணத்தில் சரியாகக் கர்ணத்தின் நடுவில் வந்து நிற்கும். பலகையில் எத்தனை படம் போட்டாலும் அந்த நகர்வைக் காட்ட முடியாது என்பார் சார். அங்கேயும் எங்கள் விதி அதேதான். இழுப்பதற்கு முன்னால் மையம் எங்கே போகும் என்று நோட்டில் புள்ளி வைக்க வேண்டும்.

நான் ஒதுக்கிவைத்தவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்கிற, ஓடுகிற கடிகாரமும் இசையும் உள்ள வினாடி வினாக்களை நான் பாடத்துக்குப் பயன்படுத்துவதில்லை. வகுப்பு கலகலப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் முதல் இடத்தில் எப்போதும் அதே நாலு பேர், கடைசி இடத்தில் எப்போதும் அதே நாலு பேர். யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளை அதில் தோற்கும். யோசிக்கிறதுக்குத் தண்டனை கொடுக்கிற எதையும் அறிவியல் வகுப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நேரக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்க வழி இருந்தால் நிறுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் கேட்கிற எதுவும் வேண்டாம். போனை வைத்துச் செய்யும் வீட்டுப்பாடமும் கொடுப்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வருகிற ஒரே போனுக்கு அண்ணன் தம்பி அக்கா எல்லாரும் அடித்துக்கொள்ளும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதில் யாருக்குக் கிடைக்காது என்பதும் தெரியும். பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான்.

கடைசியாக ஸ்டெல்லாரியம், வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள். இலவசம், ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம், தமிழிலும் உண்டு. இடத்தைத் திருநெல்வேலி என்று வைத்துவிட்டால் நம் ஊர் வானம் அப்படியே திரையில் வரும். வளிமண்டலத்தை அணைத்தால் பட்டப்பகலிலேயே நட்சத்திரங்கள் தெரியும், ஆகவே பள்ளி நேரத்திலேயே அண்டம் பாடத்தை நடத்தலாம். துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் அண்ணாந்து உச்சியைக் காட்டுவார்கள். நாம் இருப்பது வட அட்சரேகையில் சுமார் 8.7 பாகையில், அதனால் அதுவும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ அவ்வளவு உயரம்தான். வடக்கே பனைகளுக்குச் சற்று மேலே தேட வேண்டும். திரையில் அதைப் பார்த்த பிறகு சிலர் வீட்டு மொட்டை மாடியில் தேடிப் பிடித்துவிட்டு வந்து சொன்னார்கள். பலருக்கு மரமும் மங்கலும் மறைத்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிற நாள் திருநெல்வேலிக்கு வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 30-ஐ ஒட்டியும். ஏப்ரலில் பரீட்சை நேரம், அதனால் எங்களுக்கு ஆகஸ்ட். நட்டு வைத்த குச்சியின் நிழல் சரியாக எத்தனை மணிக்கு மறையும் என்று எழுதச் சொன்னால் வகுப்பே 12 என்று எழுதும். ஸ்டெல்லாரியத்தில் நேரத்தை நிமிடம் நிமிடமாக நகர்த்தினால் சூரியன் உச்சிக்கு வருவது 12.20 வாக்கில். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகை தீர்க்கரேகைக் கணக்கில், நாம் இருப்பதோ 77.7 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். பிள்ளைகள் பெருக்கிப் பார்த்து 19 நிமிடம் என்றார்கள்.

அன்று மைதானத்தில் தூக்குக் குண்டு வைத்து நேராக நட்ட இரும்புக் குழாயைச் சுற்றி நின்றோம். 12 மணிக்கு நிழல் மேற்குப் பக்கம் சாய்ந்து கிடந்தது. “இருக்கு டீச்சர், இன்னும் இருக்கு” என்று ஆளாளுக்குச் சத்தம். 12.20-க்கு அது குழாயின் அடியில் ஒடுங்கிவிட்டது. சத்துணவுக்கு மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

மறுநாள் ஒருத்தி கேட்டாள், “டெல்லில என்னைக்கு டீச்சர் நிழல் மறையும்?” நான் பதில் சொல்லவில்லை, மடிக்கணினியைக் கொடுத்தேன். ஊரை டெல்லி என்று மாற்றி, ஒவ்வொரு மாதமாக நகர்த்தி, ஜூன் 21-இலும் சூரியன் உச்சிக்கு வரவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அடுத்து சென்னை, ஹைதராபாத், நாக்பூர் என்று ஒவ்வோர் ஊராக வடக்கே ஏறினார்கள். போபாலில் ஜூனில் இரண்டு நாள் வருகிறது, ஜான்சியில் வரவே இல்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது என்று அவர்களே முடிவுகட்டி, சுவரில் தொங்கும் இந்திய வரைபடத்தில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது சமூக அறிவியல் டீச்சர் உள்ளே வந்தார். கடகரேகையை அன்றைக்கு மிச்சமிருந்த பாதிப் பீரியடில் அவரே நடத்திவிட்டார். ஸ்டெல்லாரியம் உள்ள பென்டிரைவும் இப்போது அவரிடம்தான் இருக்கிறது.